மாரியோ ஏன் வேகமாக ஓடினான்?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், ராசிபுரத்தைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஓர் ஐயத்தோடு என்னிடம் வந்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்சுற்றுப் பலகையை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, பழைய 'டி.வி. கேம்' விளையாட்டுகளை அதில் ஓட்டியிருக்கிறார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்யும் அவருடைய அண்ணன், சிறுவயதில் அந்த விளையாட்டுகளைக் கேசட் போட்டு ஆடியவர். ஆவலோடு வந்து உட்கார்ந்தவர் ஐந்தே நிமிடத்தில் எழுந்துவிட்டாராம். "தம்பி, இது நாங்க ஆடுன மாரியோ இல்லடா. தலைதெறிக்க ஓடறான். பாட்டும் அவசரமாப் போகுது" என்றாராம்.

"அண்ணனுக்கு வயசாயிடுச்சு, கை வேகம் போயிடுச்சு. அவ்வளவுதானுங்களே சார்?" என்று மாணவர் என்னைக் கேட்டார்.

இல்லை, அண்ணன் சொன்னதே சரி. கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அவருடைய கண்ணும் காதும் ஒரு வேறுபாட்டைப் பிழையின்றிக் கண்டுபிடித்துவிட்டன. மாரியோ உண்மையிலேயே ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடினான். ஏன் என்று அறிய, பலகையையும் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடிய அந்தப் பழைய பெட்டியையும் பார்க்க வேண்டும்.

பேரன் தாத்தாவாக நடிக்கிறான்

முதலில் பலகை. கணிப்பொறி ஒன்றுக்கு வேண்டிய நுண்செயலி, நினைவகம், படத்தைத் திரைக்கு அனுப்பும் பகுதி, மின்இணைப்புகள் ஆகிய அனைத்தையும் ஒரே சுற்றுப் பலகையில் அமைத்துவிட்டால் அது ஒற்றைப் பலகைக் கணிப்பொறி. இவ்வகையில் பெயர் பெற்றது இங்கிலாந்தின் 'ராஸ்ப்பெரி பை'. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29இல் விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். 2021இல் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது இப்பலகை எளிதில் கிடைக்காமற் போயிற்று. கிடைத்த இடத்திலும் விலை ஏறியிருந்தது. அப்போதுதான் பலருடைய பார்வை மாற்றுப் பலகைகள் மீது திரும்பியது. சீனத்து ஷென்ஜென் நகரின் 'ஆரஞ்சு பை', தென் கொரியாவின் 'ஓட்ராய்டு', 'ராக்', 'லெ பொட்டேட்டோ' (உருளைக்கிழங்கு என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு மிகுதி போலும்) என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவற்றின் சில்லுகள், தொலைக்காட்சியுடன் இணைக்கும் சிறு பெட்டிகளுக்கும் கையடக்கப் பலகைக் கணிப்பொறிகளுக்கும் எனப் பெருமளவில் செய்யப்பட்டவை. விலை குறைவாக இருப்பதன் இரகசியம் அதுவே. நம் மாணவர் வாங்கியிருந்ததும் அத்தகைய மாற்றுப் பலகைதான்.

இச்சில்லுகளுக்கு ஒரு குலவரலாறு உண்டு. 1984இல் நம் நாட்டுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியை அறிமுகப்படுத்த 'கிளாஸ்' என்னும் திட்டத்தை நடுவண் அரசு தொடங்கிற்று. அதற்கெனப் பள்ளிகளுக்கு வந்த கணிப்பொறி, இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த 'பிபிசி மைக்ரோ'. அதன் நுண்செயலி 1975இல் வெளிவந்த 6502. இதே 6502இன் சிறிது மாற்றிய வடிவமே, ஜப்பானில் 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட 'ஃபாமிகாம்' விளையாட்டுக் கருவியிலும் இருந்தது. பிபிசி மைக்ரோவை உருவாக்கிய சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவரும் 6502க்கு அடுத்து என்ன என்று தேடி, மனநிறைவு தரும் செயலி எதுவும் கிடைக்காமல், தாமே ஒன்றை வடிவமைத்தார்கள். அது 1985 ஏப்ரல் 26இல் முதன்முதலாக இயங்கிற்று. 'ஆர்ம்' என்பது அதன் பெயர். நாம் மேலே சொன்ன பலகைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்த ஆர்ம் செயலியின் வழித்தோன்றலே. ஆகவே மாணவரின் பலகையில் நடந்தது, பேரன் தாத்தாவாக வேடம் கட்டி நடித்த கதைதான்.

அந்த வேடத்தைக் கட்டிவிடும் செய்நிரலுக்கு 'எமுலேட்டர்' என்று பெயர். 6502 புரிந்துகொள்ளும் கட்டளைகள் 56 வகை. ஆர்ம் செயலிக்கு அவற்றில் ஒன்றும் புரியாது. எமுலேட்டர் நடுவில் நின்று துபாஷி வேலை பார்க்கிறது. விளையாட்டின் கட்டளை ஒன்றை எடுக்கிறது, அதன் பொருள் என்ன என்று பார்க்கிறது, 6502 செய்திருக்கக்கூடியதைத் தன் நினைவகத்தில் எழுதிவைத்த ஒரு கற்பனை 6502இன் மீது செய்துகாட்டுகிறது, அடுத்ததற்குப் போகிறது. இத்துடன் முடிந்தால் எளிது. ஆனால் பழைய கருவியில் செயலி ஒரு துடிப்புத் துடிக்கும் நேரத்தில் படம் வரையும் சில்லு திரையில் 3 புள்ளிகள் வரைந்து முடித்திருக்கும். ஒலிப்பகுதியும் ஓர் அடி நகர்ந்திருக்கும். அவையெல்லாம் ஒரே சமயத்தில் நடந்தவை. துபாஷியோ ஒருவர். அவரே ஓடி ஓடி எல்லாருக்காகவும் பேச வேண்டும்.

அதற்கு நேரம் போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய செயலி நொடிக்கு ஏறத்தாழ 17.7 இலட்சம் முறை துடித்தது. மலிவான மாற்றுப் பலகை ஒன்றின் செயலி நொடிக்கு 150 கோடி முறை துடிக்கிறது. வகுத்தால், பழைய துடிப்பு ஒன்றுக்குப் புதிய துடிப்புகள் 800க்கு மேல் கிடைக்கின்றன. தாராளம்! 1994இல் வந்த சோனி பிளேஸ்டேஷன் கருவியின் செயலி நொடிக்கு 3.39 கோடி முறை துடிப்பது. அதே பலகையில் அதற்கு 44தான் கிடைக்கும். எனவே அங்கே துபாஷி குறுக்குவழிகளைக் கையாள வேண்டியிருக்கிறது. நம் மாரியோவுக்கோ எந்தக் குறுக்குவழியும் தேவையில்லை.

அப்படியானால் பலகையின் வேகம் மாரியோவை விரட்டியிருக்குமோ என்ற ஐயம் எழலாம். இல்லை. எமுலேட்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்கிறது. ஒரு படத்துக்கான வேலை முன்கூட்டியே முடிந்தால் அடுத்ததற்கு நேரம் வரும்வரை காத்திருக்கிறது. காரணம் வேறோர் இடத்தில் இருக்கிறது.

நகல் பெட்டியின் சாமர்த்தியம்

சேலத்திலும் நாமக்கல்லிலும் 1990களில் பிள்ளைகள் ஆடியது நின்டெண்டோவின் அசல் கருவியை அன்று. 'லிட்டில் மாஸ்டர்', 'மீடியா' போன்ற பெயர்களில் இந்தியாவில் விற்ற நகல் பெட்டிகளையே. ஆடிப் பண்டிகைப் பொருட்காட்சியில் அப்பாவை நச்சரித்து வாங்கிய பெட்டி, ஆயிரக்கணக்கில் விளையாட்டு இருப்பதாக மேலே அச்சிட்டு உள்ளே பத்துப் பதினைந்தைப் பெயர் மாற்றி மாற்றிக் காட்டும் கேசட்டு, மஞ்சள் நிறக் கம்பி ஒன்று, ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. வாசகர்களில் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இது நினைவிருக்கும்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அக்காலத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையை வரையும். ஒரு முறைக்கு ஏறத்தாழ 262 வரிகள். நம் நாட்டில் கைக்கொண்ட 'பால்' முறையில் நொடிக்கு 50 முறை. ஒரு முறைக்கு ஏறத்தாழ 312 வரிகள். கேசட்டில் இருக்கும் விளையாட்டோ 60க்கென எழுதப்பட்டது.

இங்கே இளம்பிள்ளைச் சேலைத் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் கோத்திருக்கும். ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை நகரும். தறி மெதுவாக ஓடினால் பூ வேலைப்பாடு மாறாது. ஆனால் சேலை முடிய நேரம் கூடும். இந்த விளையாட்டுகளும் அவ்விதமே எழுதப்பட்டவை. திரை ஒருமுறை வரையப்பட்டால் மாரியோ ஓர் அடி நகர்வான். இசையில் ஒரு சிறு கூறு கழியும். 60 முறை வரையும் நாட்டில் ஒரு நொடியில் நடப்பது, 50 முறை வரையும் நாட்டில் நடக்க 1.2 நொடி ஆகும். அதாவது நம் ஊர் மாரியோ பிறந்ததிலிருந்தே நிதானக்காரன்.

பாட்டின் சங்கதி இன்னும் சுவையானது. ஒலியின் சுருதியை நிர்ணயிப்பது திரை அன்று, செயலியின் துடிப்பு. நின்டெண்டோ நிறுவனம் ஐரோப்பாவின் 50 முறைத் தொலைக்காட்சிக்கெனச் செய்த கருவியில், நொடிக்கு 2.66 கோடி முறை அதிரும் படிகத்தின் அதிர்வை 16ஆல் வகுத்துச் செயலிக்குக் கொடுத்தார்கள். 16.6 இலட்சம் துடிப்பு வந்தது. இது ஜப்பானிய அசலான 17.9 இலட்சத்தைவிட 7 விழுக்காடு குறைவு. அடுத்தடுத்த இரு சுரத்தானங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 6 விழுக்காடுதான். எனவே 60க்கு எழுதிய கேசட்டை அதில் போட்டால் பாட்டு முழுதும் ஒரு தானத்துக்கு மேல் இறங்கிவிடும். தைவான் நாட்டில் நகல் சில்லு செய்தவர்கள் இதைக் கவனித்து 15ஆல் வகுத்தார்கள். 17.73 இலட்சம் கிடைத்தது. அசலிலிருந்து வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. சுருதி நின்றது, காலப்பிரமாணம் மட்டும் குறைந்தது. பாடகர் அதே சுருதியில் சற்று விளம்பமாகப் பாடினாற்போல.

இன்னொரு சிக்கலும் இருந்தது. படம் ஒன்றை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் உள்ள சிறு இடைவெளியில்தான் விளையாட்டு, படச் சில்லுக்குப் புதிய செய்திகளை அனுப்ப முடியும். அந்த இடைவெளி 20 வரி நேரம். பால் முறையில் மிஞ்சும் 50 வரிகளை எங்கே வைப்பது? ஐரோப்பிய அசல் கருவி அவற்றை இடைவெளியோடு சேர்த்து அதை 70 வரியாக்கியது. கணக்குப் பார்த்து எழுதிய சில 60 முறை விளையாட்டுகள் அதில் தடுமாறின. நகல் செய்தவர்கள் அந்த 50 வரியையும் இடைவெளிக்கு முன்னால் சும்மா ஓடவிட்டு, இடைவெளியை 20 வரியாகவே காத்தார்கள். ஒரு வரிக்குள் செயலியின் துடிப்பு எண்ணிக்கையும் அசலைப் போலவே அமைந்தது. 60க்கு எழுதிய கேசட்டுகள் எவ்விதத் திருத்தமும் இன்றி 50இல் ஓடியதற்கு இதுவே காரணம்.

உரிமை பெறாத நகல்தான். அதை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. ஆயினும் அதைச் செய்தவர் வெறும் ஈயடிச்சான் நகல் எடுக்கவில்லை என்பதைப் பொறியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இதே வகைச் சில்லுகளோடு 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த பெட்டிக்கு 'டெண்டி' என்று பெயர். அதனால் இந்தக் கால அமைப்பையே இன்று எமுலேட்டர் எழுதுவோர் 'டெண்டி' என்று குறிக்கிறார்கள். எஃப்.சி.இ.யு.எக்ஸ்., மெசன் முதலிய எமுலேட்டர்களில் இப்பெயரில் ஒரு தேர்வு உண்டு.

இப்போது மாணவரின் ஐயம் தெளிவாகியிருக்கும். எமுலேட்டர், கோப்பில் இருந்த விளையாட்டு 60க்கு உரியது என்று கண்டு, ஜப்பானிய அசலாக வேடம் கட்டிற்று. அண்ணன் எதிர்பார்த்ததோ நகலின் வேடத்தை. நீங்களும் சோதிக்கலாம். மாரியோ விளையாட்டின் மேல் மூலையில் 400இலிருந்து இறங்கும் எண் ஒன்று உண்டு. 24 முறை திரை வரையப்பட்டால் அதில் ஒன்று குறையும். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு 100 எண்கள் குறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 40 நொடி என்றால் அது ஜப்பானிய மாரியோ. 48 நொடி என்றால் நம் ஊர் மாரியோ.

பலகையைத் தேர்ந்தெடுப்பது

எமுலேட்டரில் தேர்வை மாற்றியதும் மாரியோ நிதானத்துக்கு வந்தான். ஆனால் இப்போது விட்டு விட்டு நகர்ந்தான். பலகை தொலைக்காட்சிக்கு நொடிக்கு 60 படம் அனுப்புவதாக அமைந்திருந்தது. விளையாட்டு தருவதோ 50. மீதி 10 இடங்களை நிரப்ப, 5 படங்களுக்கு ஒன்றை இருமுறை காட்ட வேண்டியதாயிற்று. நொடிக்கு 10 முறை ஏற்படும் இத்தடுமாற்றத்தைக் கண் உணர்ந்துவிடும். பலகையே 50 அனுப்ப வேண்டும் என்று அமைப்பதுதான் வழி. நம் நாட்டில் விற்கும் தொலைக்காட்சிப் பெட்டிகள் பொதுவாக 50ஐ ஏற்கும். மேசைக் கணிப்பொறித் திரைகளில் பல ஏற்பதில்லை.

மாற்றுப் பலகைகளின் உண்மையான குறை இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது. 50க்கு மாற்றும் திறன் சில்லில் இருக்கும். அதைச் செய்யச் சொல்லும் செய்நிரல் இருக்காது! கடைக்காரர் சொல்லும் துடிப்பு எண்ணும் நினைவக அளவும் உங்களை மயக்கலாம். ஆனால் சில நிறுவனங்கள் பலகையோடு ஒரு பழைய லினக்ஸ் இயக்க மென்பொருளைக் கொடுத்துவிட்டு, அடுத்த பலகையை விற்கப் போய்விடுகின்றன. பிறகு அதைக் கவனிப்பார் இல்லை. படம் வரையும் 'மாலி' என்னும் பகுதிக்கான விவரங்களை உரியவர்கள் வெளியிடாததால், தன்னார்வ நிரலர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டுத் தாமாகவே கண்டறிந்து எழுத வேண்டியிருந்தது. 'லிமா', 'பான்ஃப்ராஸ்ட்' என்னும் அந்நிரல்கள் 2019இல் வந்த லினக்ஸ் 5.2இல்தான் சேர்க்கப்பட்டன. 2022இன் இறுதியில் வந்த 'ஆரஞ்சு பை 5' பலகை, அன்றைய ராஸ்ப்பெரி பையைவிட மிக விரைவானது. ஆனால் அதன் படப்பகுதிக்கு உரிய 'பான்தர்' நிரல் பொது லினக்ஸில் இடம்பெற 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே பலகை வாங்குமுன், 'ஆர்ம்பியன்' போன்ற பொது மென்பொருள் அதற்கு இப்போதும் புதுப்பிக்கப்படுகிறதா என்று பாருங்கள். வேகமான புதுப் பலகையைவிட, பலர் கைபட்டுத் தேறிய பழைய பலகை இவ்வேலைக்கு மேல் என்பது என் கருத்து.

மஞ்சள் கம்பி இணைப்புக்கும் இது பொருந்தும். 2006 முதல் 2011 வரை தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குலக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளில் சில இன்னும் பரண்களில் இருக்கின்றன. பழைய இரும்புக் கடைகளிலும் காணலாம். இவ்விளையாட்டுகள் பிறந்தது அத்தகைய திரைக்குத்தான். படமும் ஒலியும் சேர்ந்து வெளிவரும் சிறு துளை சில பலகைகளில் உண்டு. கம்பி வாங்கும்போது எச்சரிக்கை தேவை. செருகியின் வளையங்களில் படத்துக்கு எது, ஒலிக்கு எது என்பது கம்பிக்குக் கம்பி மாறும். தவறான கம்பியைச் செருகினால் ஒலிபெருக்கியில் உறுமல்தான் கேட்கும். பழைய பெட்டி ஓடவில்லை என்றால் நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். நிறுத்திய பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்பலகைகள் 5 வோல்ட்டில் இயங்குபவை. வீட்டில் கிடக்கும் கைப்பேசிச் சார்ஜரையும் மெல்லிய நீள வயரையும் மாட்டுவது வழக்கம். மெல்லிய வயரின் மின்தடை, போக வர ஏறத்தாழ 0.4 ஓம் எனக் கொள்வோம். பலகை 1.5 ஆம்பியர் இழுத்தால், ஓம் விதிப்படி வயரிலேயே 0.6 வோல்ட் இழப்பு. பலகைக்குக் கிடைப்பது 4.4. ராஸ்ப்பெரி பையில் 4.63க்குக் கீழே போனதும் திரையில் ஓர் எச்சரிக்கைக் குறி தோன்றும். மாற்றுப் பலகைகளில் பல அவ்வாறு எதுவும் சொல்வதில்லை. ஆட்டத்தின் நடுவே உறைந்து நிற்கும். நாம் எமுலேட்டரைத் திட்டுவோம். நானும் ஒருமுறை இரண்டு நாள் மென்பொருளை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் தடித்த, குட்டையான வயரை மாட்டியதும் சரியாயிற்று. திடீர் மின்வெட்டில், எழுதிக்கொண்டிருக்கும் நினைவு அட்டை கெட்டுப்போவதும் உண்டு. எனவே அட்டைக்கு ஒரு படி எடுத்துவைப்பது நல்லது. சித்திரை வைகாசியில் சேலத்து வெயில் 40 பாகையைத் தொடும்போது, அட்டை வீட்டின் கூரைக்கடியில் வெப்பம் இன்னும் கூடும். சில்லு ஏறத்தாழ 80 பாகையைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். ஓர் அலுமினிய வெப்பத்தட்டும், பலகையை மூடி வைக்காமையும் போதும்.

விளையாட்டுக் கோப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு என்பதையும், 1985இல் வந்த மாரியோவுக்கு அது இன்னும் நீங்கவில்லை என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதே பழைய கருவிக்கென இன்றும் ஆர்வலர்கள் புதிதாக விளையாட்டுகள் எழுதி, பயன்படுத்தும் உரிமையோடு இலவசமாகத் தருகிறார்கள். எமுலேட்டரைச் சோதிக்க அவை போதும். 6502க்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டால் நீங்களே ஒன்று எழுதலாம்.

மாணவர் ஊருக்குப் போய் வயரை மாற்றினார். தொலைக்காட்சிக்கு 50 அனுப்புமாறு பலகையை அமைத்து, கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார், 48 நொடி. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மதியச் சாப்பாட்டை மறந்து ஆடினாராம். பிறகு பரணிலிருந்து அந்தப் பழைய பிளாஸ்டிக் துப்பாக்கியைத் தேடி எடுத்துவந்து, "இதை மாட்டுடா, வாத்து சுடலாம்" என்றாராம். அதற்கு என்ன செய்வது என்று மறுவாரம் தொலைபேசியில் கேட்டார்.

அது இயலாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளிவருவதில்லை. அதன் குழலுக்குள் ஒளியை உணரும் உறுப்பு ஒன்று இருக்கிறது. விசையை இழுத்ததும் விளையாட்டு ஒரு கணம் திரையைக் கறுப்பாக்கி, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் வரையும். துப்பாக்கி அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். கண்ணாடிக் குழாயில் மின்கதிர் வரி வரியாக ஓடி அந்த இடத்தைத் தொடும் அதே நொடிக்கூற்றில் ஒளி பிறக்கும். துப்பாக்கியின் சுற்றும் நொடிக்கு ஏறத்தாழ 15,000 வரி ஓடும் அந்தத் துடிப்புக்கென்றே அமைக்கப்பட்டது. தட்டைத் திரையில் கதிரும் இல்லை, துடிப்பும் இல்லை. படமும் சற்றுத் தாமதித்தே வரும். இலவசப் பெட்டியை இறக்கி மாட்டினாலும் பயனில்லை. எமுலேட்டர் படம் முழுவதையும் நினைவகத்தில் வரைந்து முடித்த பிறகே திரைக்கு அனுப்புகிறது. ஒளி வரும்போது விளையாட்டு அடுத்த படத்துக்குப் போயிருக்கும்.

செய்நிரலால் வேடம் கட்டாமல், சில்லின் உள் இணைப்புகளையே பழைய கருவியின் இணைப்புகளாக மாற்றிக்கொள்ளும் பலகைகளும் உண்டு. 2017இல் தொடங்கிய 'மிஸ்டர்' என்னும் முயற்சி அத்தகைய பலகை ஒன்றைக் கொண்டது. அதில் எல்லாப் பகுதிகளும் உண்மையாகவே ஒரே சமயத்தில் இயங்குவதால், குழாய்த் திரையும் தக்க இணைப்பியும் இருந்தால் பழைய துப்பாக்கியும் வேலை செய்யும். விலையோ நம் மாணவரின் பலகையைப் போலப் பல மடங்கு. துப்பாக்கி இப்போதைக்குப் பரண்மேலேயே இருக்கிறது.